சாரம் கட்டிக்கொண்டு கார் கட்டுவது எப்படி?

வன்னியில் வளர்ந்தவர்களில் சின்ன வயதில் ஒரு வாகனமாவது செய்யாதவர் குறைவு. இரண்டு பனங்காயைத் தடியில் கோத்தால் வண்டில். மீன் ரின்னைத் தட்டி நிமிர்த்தி, தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுப் பூட்டினால் லொறி. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் வவுனியாவுக்கு வடக்கே ரோர்ச் பற்றரி வருவதே பெரும்பாடு. பொம்மைக் கார் எங்கிருந்து வரும்?

2002இல் ஏ9 வீதி திறந்தபோது ஜேர்மனியில் இருந்து வந்த மாமா, பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டிக் கட்டும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மாதிரிக் காரின் பெட்டி ஒன்றை என்னிடம் தந்தார். சட்டத்தில் கோத்த துண்டுகளும் ஒரு படத்தாளும் இருந்தன. சுப்பர் குளூ வாங்கி ஒரே இரவில் ஒட்டி முடித்தேன். விடியப் பார்த்தால் கண்ணாடிகள் எல்லாம் பனி படிந்ததுபோல் வெளுத்திருந்தன. ஏன் வெளுத்தன என்று அறிய எனக்குப் பதினேழு வருடம் பிடித்தது. அந்தக் கார் 2009இல் நாங்கள் விட்டுவந்த சாமான்களோடு போய்விட்டது.

சின்ன வயதில் எதையோ ஒட்டிப் பார்த்து, பிறகு படிப்பு, வேலை, பிள்ளைகள் என்று விட்டுவிட்டு, இப்போது மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்று மறுபடி இந்த மாதிரிக் கார் கட்டும் பக்கம் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: தேவையான சாமான்களில் பாதியும் அறிவில் முக்காலும் உங்கள் ஊரில் கார்களின் நெளிவு எடுத்துப் பெயின்ற் அடிக்கும் ரிங்கரிங் கராஜிலேயே இருக்கின்றன. அங்கே போய் ஒரு பிளேன்ரீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். இரண்டே இரண்டு விடயங்களில் மட்டும் கராஜ்காரர் சொல்வதைக் கேட்கக்கூடாது. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

எதை முதலில் எடுப்பது

திரும்பி வருபவர்கள் செய்யும் முதல் பிழை, சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காததை முதலில் வாங்குவது. இருநூறு துண்டுள்ள பந்தயக் காரை வாங்கி, எஞ்சினில் பாதி ஒட்டி, அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள். எஞ்சின் இல்லாத, முன்மூடி திறக்காத, சாதாரண வீதிக் கார் ஒன்றை எடுங்கள். ஜப்பானின் தமியா நிறுவனத்தின் 1/24 அளவிலான 1966ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் 1300 பீட்டில் நல்ல தொடக்கம். துண்டுகள் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்தும். ரெவெல் என்ற இன்னொரு நிறுவனத்தின் பெட்டிகளில் 1 முதல் 5 வரை கடினத்தின் படி அச்சிட்டிருக்கும். 3ஐத் தாண்டாதீர்கள்.

அளவைப் பற்றி அதிகம் குழம்பத் தேவையில்லை. 1/24 என்றால் உண்மைக் காரின் நீளத்தை 24ஆல் வகுத்தது. நம் ஊர்களில் வாடகைக்கு ஓடிய மொறிஸ் மைனரின் நீளம் 3.76 மீற்றர், 1/24இல் அது ஏறத்தாழ 15.7 சென்ரிமீற்றர், 1/32இல் பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்கப் பெட்டிகள் பல 1/25இல் வரும். அலுமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் 24ஐயும் 25ஐயும் கண்ணால் பிரித்தறிய முடியாது. கையில் பழக்கம் இல்லாத ஒருவருக்கு 1/43 மிகச் சிறிது, விட்டுவிடுங்கள்.

பெட்டி எப்படி வந்து சேரும்

கிளிநொச்சிக் கடைத்தெருவில் உலோகத்தில் வார்த்த பொம்மைக் கார்கள் கிடைக்கும். ஒட்டிக் கட்டும் பெட்டியை நான் கண்டதில்லை. ஆகவே கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும், அல்லது வற்றாப்பளைப் பொங்கலுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ வரும் உறவினரிடம் சொல்லிவிட வேண்டும். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்பிரே ரின்னைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். எரியக்கூடிய ஸ்பிரே பெயின்ற்றைப் பயணப் பெட்டியில் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பாவம், அத்தை விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டி வரும். மெல்லிய ஒட்டுத் திரவமும் எரியும் பொருள்தான். பெயின்ற்றும் ஒட்டும் இலங்கைக்குள்ளேயே தரைவழியாக வந்தவையாக இருக்கட்டும்.

இலண்டனில் யாரோ ஒருவரின் பரணில் கிடந்த பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மூன்றைச் சோதியுங்கள். ரயர் பிளாஸ்ரிக்கில் பட்டபடி பல வருடம் கிடந்தால், ரயரில் உள்ள மென்மையாக்கி பிளாஸ்ரிக்கை உருக்கிப் பள்ளம் போட்டிருக்கும். மேற்கூரை கோணியிருக்கலாம், சுடுநீரில் பிடித்து மெல்ல நிமிர்த்தலாம். ஸ்ரிக்கர் தாள் மஞ்சளாகியிருந்தால் பொலித்தீன் பையில் போட்டு வெயில் படும் யன்னல் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள், மஞ்சள் வெளுக்கும். வெயிலுக்கு நமக்கு என்ன பஞ்சம்!

மேசை, வெளிச்சம், கண்

பத்து வயதில் விளக்கு வெளிச்சத்தில் ஊசித் துவாரம் தெரிந்த கண், நாற்பதைத் தாண்டியதும் கைக்கெட்டும் தூரத்தில் மங்கும். வெட்கப்படாமல் வாசிப்புக் கண்ணாடி போடுங்கள். நான் ஆறு மாதம் கையைக் குற்றம் சொன்னேன். பிழை கண்ணில் இருந்தது. வெள்ளை எல்ஈடி விளக்கு ஒன்று இடப்பக்கம் இருக்கட்டும், இடக்கைக்காரர் என்றால் வலப்பக்கம்.

சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு அமருங்கள். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. கையில் இருந்து தெறிக்கும் பக்கக் கண்ணாடி மடியில் விழும். காற்சட்டை போட்டிருந்தால் கால்களுக்கு நடுவால் நிலத்துக்குப் போகும். சீமெந்துத் தரை என்றால் தேடலாம், முற்றத்து மணல் என்றால் அந்தத் துண்டை மறந்துவிடலாம். எழும்பும்போது சாரத்தை ஒருமுறை உதறிப் பாருங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். தொலைபேசி திருத்துபவர்கள் பாவிக்கும் கூர்நுனிக் கட்டர், பிளேடு மாற்றக்கூடிய மெல்லிய கத்தி, கிடுக்கி, உடுப்புக் காயப்போடும் கிளிப் பத்து. நீரில் நனைத்துத் தேய்க்கும் அரத்தாள் 400, 600, 1000, 2000 என நான்கு இலக்கங்களில் வேண்டும். இவையும் மாஸ்கிங் ரேப்பும் கார்களுக்குப் பெயின்ற் அடிக்கும் இடத்திலேயே இருக்கும். ஒட்டுத் தடவவும் பெயின்ற் கலக்கவும் சிறு துண்டைக் குத்திப் பிடிக்கவும் ஈர்க்கைவிடச் சிறந்த கருவியை நான் இதுவரை காணவில்லை. விளக்குமாற்றில் இருந்து நான்கை உருவிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். காற்றமுக்கியும் எயார்பிரஷ்ஷும் முதல் மூன்று காருக்குத் தேவையே இல்லை.

வெட்டு, கழுவு, ஒட்டாமல் பொருத்திப் பார்

துண்டைச் சட்டத்தில் இருந்து கையால் முறிக்காதீர்கள். கட்டரால் இரண்டு தரம் வெட்ட வேண்டும். முதல் வெட்டு துண்டில் இருந்து சற்றுத் தள்ளி. இரண்டாவது வெட்டு கிட்டவாக. ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் பிளாஸ்ரிக் வெளிறி, துண்டுக்குள்ளேயே பள்ளம் விழும். மிச்சக் காம்பைக் கத்தியால் சுரண்டி, 600 அரத்தாளால் தேயுங்கள். அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு ஓடும். கூரைத் தூண்களிலும் சில்லுக் கவிப்பிலும் அதைத் தேடிப் பிடித்துத் தேய்த்து எடுக்க வேண்டும். பெயின்ற் அடித்த பிறகுதான் அது பல்லைக் காட்டும்.

பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட நீரில் எல்லாவற்றையும் பழைய பற்தூரிகையால் கழுவுங்கள். அச்சில் இருந்து துண்டு கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பசை அதில் இருக்கும், பெயின்ற் பிடிக்காது. கழுவும்போது கீழே வடிதட்டு வைக்க மறக்காதீர்கள். கிணற்றடியில் கழுவப் போனால் ஒரு துண்டாவது வாழைப் பாத்திக்குப் போகும்.

அடுத்தது, இளையவர்கள் தாண்டிப்போகும் கட்டம். உடலையும் அடித்தளத்தையும் சில்லுகளையும் ஒட்டாமல் ரேப்பால் பிடித்துப் பொருத்திப் பாருங்கள். நான்கு சில்லும் நிலத்தில் முட்டுகின்றனவா? அடித்தளம் உள்ளே நுழைய உடலை எவ்வளவு விரிக்க வேண்டும்? பெயின்ற் அடித்து மினுக்கிய பிறகு விரிக்கப் போனால் வெடிக்கும். எனது இரண்டாவது காரின் பின்பம்பருக்கு மேலே இன்றும் ஒரு வெடிப்பு இருக்கிறது. வருபவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுவதில்லை.

ஒட்டுதல்

இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பொலிஸ்ரைரீன் என்ற பிளாஸ்ரிக்கில் வார்த்தவை. அதற்கான ஒட்டு, பசை போல் நடுவில் நிற்காது. இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிவிடும். தமியாவின் பச்சை மூடி போட்ட மெல்லிய ஒட்டு என்றால், துண்டுகளை முதலில் சேர்த்துப் பிடித்து, மூடியில் உள்ள தூரிகையை இடுக்கில் தொட்டால் போதும், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தானாக உள்ளே ஓடும். விரல் அந்த இடுக்கில் இருந்தால் அங்கும் ஓடி, உங்கள் ரேகையைக் கதவில் பதித்துவிடும். போத்தலை உடனே மூடுங்கள். தகரக் கூரையின் கீழே திறந்தபடி வைத்தால் மத்தியானத்துக்குள் கால் போத்தல் போய்விடும்.

சுப்பர் குளூவை உலோகத் துண்டுக்கு மட்டும் வையுங்கள். அது இறுகும்போது எழும் ஆவி பக்கத்தில் உள்ள கண்ணாடித் துண்டில் வெண்படலமாகப் படியும். 2002இல் என் பீட்டிலுக்கு நடந்தது இதுதான். கண்ணாடிக்குத் தச்சர்கள் மரத்துக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், பிசகினால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு. பெட்டியில் இல்லாத எதையாவது நீங்களே செய்ய விரும்பினால், யோகட் கோப்பையைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்ற இலக்கம் இருந்தால் அதுவும் பொலிஸ்ரைரீன். இதே ஒட்டு அதையும் பிடிக்கும். 5 என்றால் பிடிக்காது. பக்கத்து வயற்காரரின் லான்ட் மாஸ்ரரை (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை) அளவுநாடாவால் அளந்து, எல்லாவற்றையும் 24ஆல் வகுத்து, யோகட் கோப்பையில் வெட்டிக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். உலகில் எந்த நிறுவனமும் நமக்காக லான்ட் மாஸ்ரர் பெட்டி போடப் போவதில்லை. தமியாவே 1946இல் ஷிசுவோக்காவில் மர வியாபாரமாகத் தொடங்கி, மரத்தில் மாதிரிகள் செய்து, 1960இல்தான் பிளாஸ்ரிக்குக்கு வந்தது. யோகட் கோப்பையில் தொடங்குபவர் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெயின்ற்

காரை மாதிரி என்று பார்ப்பதா, பொம்மை என்று பார்ப்பதா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் காலம். சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை முற்றத்துப் புழுதி முழுவதும் உங்கள் கூரையில் வந்து குந்தும். அதோடு வெக்கையில் பெயின்ற் துளி காற்றிலேயே காய்ந்து, உடலில் விழும்போது மணல்போல் சொரசொரப்பாகிவிடும். வாடை மாதங்களில் வேறு வில்லங்கம்: ஈரக் காற்றில் லாக்கர் பெயின்ற் காயும்போது நீராவி படிந்து பால்போல் வெளுக்கும். மழை விட்ட இரவில் விளக்கடியில் அடித்தால் ஈசல் வந்து இறக்கையோடு ஒட்டிக்கொள்ளும். மாசி, பங்குனி மாதங்கள் உகந்தவை. மற்றக் காலத்தில், பனி ஈரம் காய்ந்த பிறகும் காற்று எழும்ப முன்னரும் உள்ள இடைவெளியில், காலை எட்டரை ஒன்பது மணிக்கு அடியுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை என்று பொருள்.

அடிக்கும் இடத்தைச் சுற்றித் தண்ணீர் தெளியுங்கள்; கராஜ்காரர் செய்வதைப் பார்த்துக் கற்றது. உடலை ஒரு சோடாப் போத்தலின் கழுத்தில் உள்பக்கமாக ரேப்பால் இறுக்கினால் கைபிடித்துச் சுழற்றலாம். முதலில் சாம்பல் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. அது காய்ந்ததும் அதுவரை ஒளிந்திருந்த கீறல்கள் எல்லாம் தெரியும். 1000 அரத்தாளால் நீரில் தேய்த்து மறுபடி பிரைமர் அடியுங்கள். மஞ்சளும் சிவப்பும் அடிப்பதானால் வெள்ளைப் பிரைமர். பிளாஸ்ரிக்கே சிவப்பு நிறம் என்றால் அந்தச் சாயம் வெள்ளைப் பெயின்ற்றுக்குள் ஊறி மேலே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி நிறம். ரின்னை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். இருபது, இருபத்தைந்து சென்ரிமீற்றர் தூரத்தில், காருக்கு வெளியே அமத்தத் தொடங்கி, கடந்து போய், வெளியே விரலை எடுங்கள். காரின் மேல் வைத்து அமத்தினால் முதல் சொட்டு அங்கேயே விழும். முதல் தடவை தூவானம்போல். பிளாஸ்ரிக் தெரியட்டும், பரவாயில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இரண்டாவது. மூன்றாவதில்தான் ஈரம் மினுங்கும்படி. பிறகு பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றால் மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். தொட்டுப் பார்க்காதீர்கள். லாக்கருக்கு ஒரு நாள், எனாமலுக்கு ஒரு கிழமை. மூடாமல் விட்ட என் வெள்ளைக் கார் ஒன்றின் மேல் பல்லி ஒன்று நடந்துபோனது. நான்கு காலின் சுவடும் அழகாகத்தான் இருந்தன.

கராஜ்காரரைக் கேட்கக்கூடாத இரண்டு விடயங்கள் என்றேன். முதலாவது தடிப்பு. உண்மைக் காரில் பெயின்ற் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. அதே தடிப்பை 1/24இல் அடித்தால் அது உண்மைக் காரில் 2.4 மில்லிமீற்றர் பூசியதற்குச் சமம். கதவு இடுக்குகள் எல்லாம் நிரம்பி, கார் சோப்புக் கட்டிபோல் ஆகிவிடும். “இன்னொரு கோட் போடு தம்பி” என்பார். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அவரது மெற்றாலிக் நிறத்தில் உள்ள துகளும் நமது அளவுக்குப் பருமன். சரிகை ஒட்டியதுபோல் தெரியும். இரண்டாவது, இரண்டு ரின்களைக் கலந்து அடிக்கும் கிளியர், அதாவது நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு. அதன் இறுக்கியில் ஐசோசயனேற் இருக்கிறது. சுவாசித்தால் ஆஸ்துமா வரை கொண்டுபோகும். வீட்டில், அதுவும் பிள்ளைகள் உள்ள வீட்டில், அது வேண்டவே வேண்டாம். ஒரே ரின்னில் வரும் கிளியர் போதும்.

சாதாரண ஸ்பிரேயும் திறந்த வெளியில்தான். மருந்துக்கடை முகக்கவசம் பெயின்ற் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பூட்டிய முகமூடி வாங்குங்கள். ரின்னை வெயிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

எந்தப் பெயின்ற்றின் மேல் எது போகலாம் என்பதில் பலர் காரைக் கெடுக்கிறார்கள். லாக்கரின் மேல் எனாமலோ அக்ரிலிக்கோ போகலாம். அவற்றின் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிக் கருவாட்டுத் தோல்போல் ஆகும். தமியா ரின்களில் ரீஎஸ் என்று தொடங்குபவை இந்தக் கார்களுக்கு. பீஎஸ் என்பவை ரிமோட் கார்களின் வேறு வகைப் பிளாஸ்ரிக்குக்கு. பெயர் தெரியாத எந்த ரின்னையும் முதலில் வெட்டிய சட்டத்தில் அடித்துப் பாருங்கள்.

கிளியர் அடித்து ஒரு கிழமை கழித்து 2000 அரத்தாளால் சோப்பு நீரில் மெதுவாகத் தேய்த்து, ரப்பிங் கொம்பவுண்டால் மினுக்கலாம். விளிம்புகளில் கை வைக்காதீர்கள். அங்கேதான் பெயின்ற் மெல்லிசு.

கிரவலும் புகையும்

ஸ்ரிக்கரை ஒவ்வொன்றாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் பதினைந்து விநாடி அமிழ்த்தி, தாளோடு உடலில் வைத்துப் படலத்தை மட்டும் வழுக்கி இறக்குங்கள். நடுவில் இருந்து வெளியே நீரை ஒற்றி எடுக்க வேண்டும். வெள்ளிப் பூச்சுப் பம்பர் கண்ணைக் குத்தும் அளவுக்குப் பளபளத்தால், வீட்டுப் பிளீச்சில் ஊறவிட்டால் பூச்சுக் கழன்றுவிடும். பிறகு விரும்பிய வெள்ளியை அடிக்கலாம். பிளீச்சை வேறு எதனோடும் கலக்காதீர்கள்.

ஓடிய கார்போல் தெரிய வேண்டும் என்றால் வெளிநாட்டுப் புழுதித் தூள் வாங்க வேண்டியதில்லை. கிரவல் வீதியில் ஒரு பிடி அள்ளி, பழைய வேட்டித் துணியால் இரண்டு தரம் சலியுங்கள். சில்லுக் கவிப்பின் உள்ளும் கதவின் கீழும் மெல்லிய தூரிகையால் தட்டி, மங்கல் கிளியரால் பிடித்துவிடுங்கள். எங்கள் கார்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. தடைக் காலத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் சின்னப் போத்தலில் பெற்றோல். அந்தப் புகை பின்பக்கம் முழுவதும் கறுப்பாக அப்பியிருக்கும். அடுப்புக்கரியை அரைத்துப் புகைக்குழாயில் இருந்து மேல்நோக்கித் தடவினால் அந்தக் கால ஆட்கள் பார்த்தவுடனே சிரிப்பார்கள்.

இலக்கத் தகடு

பெட்டியோடு வரும் தகடு ஜேர்மனியினுடையதாகவோ பிரித்தானியாவினுடையதாகவோ இருக்கும். அதை ஒட்டினால் கார் இங்கே வந்து சேரவே இல்லை. உண்மைத் தகட்டை அளந்து 24ஆல் வகுத்து, கணினியில் வரைந்து, படப்பிடிப்புக் கடையில் பளபளப்புத் தாளில் அச்சடிப்பியுங்கள். வெட்டிய விளிம்பின் வெள்ளையைக் கறுப்புப் பேனையால் தொட்டுவிடுங்கள். காலத்தையும் பாருங்கள்: 1950களின் முதற்பாதியில் பதிந்த கார்களுக்கு ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள். 1957இல் இருந்துதான் சிங்கள ஸ்ரீ வந்தது. அந்த எழுத்துக்காக நடந்த தார் பூசும் போராட்டத்தை உங்கள் வீட்டு முதியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

இப்போது என் மேசையில் ஏர்பிக்ஸின் பழைய 1/32 மொறிஸ் மைனர் நிற்கிறது. தாத்தா வாடகைக்கு ஓட்டிய காரின் சாம்பல் பச்சை நிறம். முன்பக்கத்துக்கு ஈ.வை. என்று அச்சடித்து வைத்திருக்கிறேன். இலக்கம் 47 என்று முடிந்தது என்கிறார் ரொறன்ரோவில் உள்ள அத்தை. 74 என்று அடித்துச் சொல்கிறார் புதுக்குடியிருப்புச் சித்தப்பா. இரண்டையும் வெட்டி ஒரு நெருப்புப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.